தனிமரம் தோப்பாகாது



நம் நாட்டில் ஒருவர் ஐம்பது, அறுபது ஆண்டுகளாகத் தமிழில் எழுதி வருகிறார் என்றால் அவருக்கு நாம் என்ன செய்கிறோம்? விழா எடுக்கிறோம். மேடையில் அமர்த்தி மாலை அணிவிக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், ஏதேனும் ஒரு பட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். மறுநாள் நாளேட்டில் ஒளிப்படம் வருகிறது. மேடையில் வீற்றிருந்தோரில் எத்தனை பேர் அன்னாரின் நூல்களுள் ஒன்றையேனும் முழுமையாகப் படித்தவர்கள் என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. எழுப்பினால் விழாவின் சுவை கெட்டுவிடும்!

பொன்னாடையின் மீது எனக்குக் கோபமில்லை. முதுமை எய்திய ஒருவரை ஊர்கூடி மதிப்பது நல்ல பண்பாடே. ஆயினும், அத்தனை நீண்ட காலம் அவரை எழுத வைத்தது எது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. திறமை, மொழிப்பற்று, விடாமுயற்சி என்று மேடையில் அடுக்கிவிட்டு இறங்கி விடுகிறோம். இவை மூன்றும் இருந்தும் இரண்டு மூன்று கதைகளோடு ஓய்ந்து போனவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். ஆசிரியர் ஓய்வறையில் சற்றே பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "நானும் ஒரு காலத்தில் ஞாயிறு மலரில் எழுதியிருக்கிறேன்" என்று யாரேனும் ஒருவர் சொல்வார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் குடும்பம், வேலை, நேரமின்மை என்பார். இன்னும் சற்றுக் கிளறினால் உண்மை வரும்: எழுதியதை யாரும் படித்து ஒரு சொல் சொல்லவில்லை.

மலேசியாவில் கதையையும் நாவலையும் மட்டும் நம்பி எவரும் உலை வைத்ததில்லை. ஆசிரியராக, தோட்டத்துக் கிராணியாக, ஒலிபரப்பாளராக, நாளேட்டுப் பணியாளராக இருந்துகொண்டே எழுதினார்கள். மறுநாளுக்கான பாடக்குறிப்பை முடித்து, பிள்ளைகள் உறங்கிய பிறகு, உணவு மேசையில் அமர்ந்து எழுதப்பட்டதே நம் இலக்கியம். அதனால் ஒரு வெள்ளி வருமானம் இல்லை. புகழும் மாநில எல்லையைத் தாண்டுவதில்லை. எழுதுவதை நிறுத்த ஆயிரம் காரணங்கள் இருந்தும் ஒருவர் நிறுத்தவில்லை என்றால், அவருடைய அடுத்த கதைக்காக எங்கோ நாலு பேர் காத்திருந்தார்கள் என்று பொருள். அந்த நாலு பேரைப் பற்றியே இக்கட்டுரை.

கோலாலம்பூரில் 1924இல் தொடங்கப்பெற்ற தமிழ் நேசன் நாளேடு, 1950இல் 'கதை வகுப்பு' என்னும் பகுதியை நடத்தத் தொடங்கியது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் அதன் ஆசிரியர்கள். வகுப்பறை இல்லை, கரும்பலகை இல்லை. நாளேட்டின் பக்கமே பள்ளிக்கூடம். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். சயாம் மரண இரயில் பாதைக்குச் சென்று திரும்பாதவர்களை எண்ணி அழுகை ஓயாத லயன்கள். நாட்டில் அவசரகாலம் நடப்பில் இருந்தது. அத்தகைய நாளில், தோட்டங்களிலும் சிறுநகரங்களிலும் இருந்த இளைஞர்களுக்குக் கதை எழுதப் பயிற்சி கொடுத்து, அவர்கள் எழுதி அனுப்பியவற்றை மதிப்பிட்டு, குறைகளை எடுத்துச் சொல்ல இருவர் முன்வந்தார்கள்! மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதியோர் எவரும் இந்த வகுப்பைக் குறிப்பிடாமல் கடந்து போவதில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். 'நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பித் தரும் பயிற்சி நூலிலிருந்து மாணவன் எதையும் கற்பதில்லை. இந்த வாக்கியம் ஏன் நொண்டுகிறது, இந்தப் பத்தி ஏன் இங்கே வந்தது என்று சிவப்பு மையில் கேட்டால்தான் அவன் நிமிர்ந்து உட்காருகிறான். எழுத்தாளனுக்கும் அந்தச் சிவப்பு மை வேண்டும். வளர்ந்தவர்களுக்கு அதைத் தருவார் இல்லை. பொன்னாடை தருவார்தாம் உண்டு.

அதே தமிழ் நேசனில் பணியாற்ற 1950களின் முற்பகுதியில் தமிழகத்திலிருந்து வந்தார் கு. அழகிரிசாமி. 1957 வரை இங்கே இருந்தார். நாளேட்டு வேலையோடு தம் கடமை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். மாறாக, கோலாலம்பூரில் இலக்கிய வட்டக் கூட்டங்களை நடத்தி, இளம் எழுத்தாளர்களின் படைப்புகளை எடுத்து விவாதித்தார். அவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அவருடைய ஊராகிய இடைசெவல், கரிசல் காட்டிலுள்ள ஒரு சிற்றூர். கி. ராஜநாராயணனும் அதே ஊர். இளமைதொட்டே இருவரும் நண்பர்கள். ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாக இசை கேட்டவர்கள், பிரிந்திருந்தபோது கடிதம் எழுதிக் கொண்டவர்கள். அழகிரிசாமிக்கு 1970இல் அவர் மறைந்த பின்னும், கி.ரா.வுக்கு 1991இலும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரே சிற்றூரிலிருந்து இரண்டு பேர்! கரிசல் மண்ணின் மகிமை என்பார்கள் சிலர். மண் எல்லாருக்கும் பொதுவாகத்தானே இருந்தது? இருவரும் ஒருவரையொருவர் படித்துக்கொண்டார்கள் என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன். எழுத்தாளர் சமூகம் என்றால் ஆயிரம் உறுப்பினர்களும் செயலவையும் இலச்சினையும் வேண்டும் என்பதில்லை. இருவர் இருந்தாலும் அது சமூகம்தான்.

தெற்கே, சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தம் தமிழ் முரசு நாளேட்டின் வழியாக 1950களில் மாணவர் மணிமன்றத்தை வளர்த்தார். மாணவர்களுக்கென்றே தனிப் பக்கங்கள். மலாயாவிலும் அவை விரும்பிப் படிக்கப்பட்டன. அம்மன்றத்தில் முதல் வரியை எழுதியவர்கள் பின்னர் கவிஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் இதழாளர்களாகவும் விளங்கினார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் 1962இல் தோன்றியபோது, அதற்கு வேண்டிய ஆட்களை இப்படிப்பட்ட வகுப்புகளும் வட்டங்களும் மன்றங்களும் பத்தாண்டுகளுக்கு முன்னமே உருவாக்கி வைத்திருந்தன. சங்கம் முதலில் வந்து எழுத்தாளர் பிறகு வரவில்லை என்பதைக் கவனித்தல் நன்று.

இனி நீண்ட நாள் எழுதியவர்களைப் பார்ப்போம். 1940களிலேயே எழுதத் தொடங்கிய மா. இராமையா 2019இல் மறையும் வரை ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் எழுத்தோடு வாழ்ந்தவர். சிறுகதையும் நாவலும் எழுதினார். ஆயினும் அவரை நான் முதன்மையாக மதிப்பது வேறொன்றுக்காக. 1978இல் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை நூலாக எழுதினார். பின்னர் 1996இல் அதனை விரித்து ஒரு களஞ்சியமாகவே தொகுத்தார். தம் பெயரை நிலைநாட்டும் வேலை அன்று அது. எங்கோ ஒரு தோட்டத்திலிருந்து நாலு கதை எழுதி ஓய்ந்து போனவரின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும் என்று தேடித் தேடிச் சேர்த்தார். பல்கலைக்கழகத் துறை ஒன்று செய்ய வேண்டிய பணியைத் தனி மனிதர் செய்தார்.

ரெ. கார்த்திகேசு கெடா மாநிலத்தில் 1940இல் பிறந்தவர். வானொலியில் பணியாற்றி, பின்னர் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். வானத்து வேலிகள், அந்திம காலம் முதலிய நாவல்களைத் தந்தார். அவரும் தம் எழுத்தோடு நின்றுவிடவில்லை. பிறர் கதைகளைப் படித்துத் திறனாய்வு எழுதினார். இளையோர் நூல்களுக்கு முன்னுரை வழங்கினார். குறைகளைச் சொல்லத் தயங்கவில்லை. 2016 அக்டோபரில் அவர் மறைந்தபோது, நம் எழுத்தாளர்கள் ஒரு நாவலாசிரியரை மட்டுமல்லாது தங்கள் படைப்பைக் கவனமாகப் படிக்கும் ஒரு வாசகரையும் இழந்தார்கள். இரண்டாவது இழப்பே பெரிது என்பேன். நாவலை மீண்டும் எடுத்துப் படிக்கலாம். அந்த வாசகரை எங்கே போய்த் தேடுவது?

மூன்றாமவர் நம் இனத்தவர். அதாவது, தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சிலாங்கூரில் ஆசிரியப் பணி ஆற்றிய அ. ரெங்கசாமி எழுதிய நாவல்களின் பெயர்களைக் கேட்டாலே ஒரு தலைமுறையின் துயரம் கண்முன் வரும். நினைவுச்சின்னம் சயாம் மரண இரயில் பாதையைப் பேசுவது. இமையத் தியாகம் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த நம் மக்களைப் பற்றியது. லங்காட் நதிக்கரை, போருக்குப் பிந்திய கொந்தளிப்பில் அகப்பட்டுக்கொண்ட தோட்டப்புற மக்களின் கதை. கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில் வண்டி ஓட்டிச் செல்லும் நாம், அந்த ஆற்றின் கரையில் என்னென்ன நடந்தன என்பதை அறியாமலேயே பாலத்தைக் கடக்கிறோம். இந்த நாவல்கள் பணி ஓய்வுக்குப் பிறகு வெளிவந்தவை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பேரப் பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்க வேண்டிய வயதில், தாம் சிறுவனாக இருந்தபோது கண்டதையும் உயிர் தப்பித் திரும்பியோர் சொல்லக் கேட்டதையும் எழுதி வைத்தார் ஒரு தமிழ்ப்பள்ளி வாத்தியார்.

2014இல் அவருக்கு வல்லினம் விருது வழங்கப்பட்டது. வழங்கியவர்கள் யார்? அவரைவிட ஐம்பது வயது இளையவர்கள். வல்லினம் குழுவின் ஆசிரியர் ம. நவீன் அவர்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. எண்பதைக் கடந்த ஒரு வாத்தியாரின் நாவல்களை முப்பதுகளில் இருக்கும் ஒரு வாத்தியார் படித்து, நேர்கண்டு, மற்றவர்களும் படிக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். எழுத்தாளர் சமூகம் என்று நான் சொல்வது இதைத்தான். விருதுத் தொகை எவ்வளவு என்பதும் மண்டபம் எங்கே என்பதும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

அரசாங்கம் இதைச் செய்யாதா என்று சிலர் கேட்பர். மலேசியாவில் 1981 முதல் தேசிய இலக்கியவாதி விருது வழங்கப்படுகிறது. அது மலாய்மொழியில் எழுதுவோர்க்கு உரியது. அண்டை நாடாகிய சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் தமிழ் எழுத்தாளர்களுக்கும் கிடைக்கிறது, இராம. கண்ணபிரான் 1998இலும் மா. இளங்கண்ணன் 2005இலும் பெற்றனர். இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி ஆண்டுதோறும் வருந்துகிறோம். வருந்த வேண்டியதுதான், கேட்க வேண்டியதுதான். ஆனால் அரசு தரும்வரை நம் எழுத்தாளரின் நூல் நம் வீட்டு அலமாரியில் இல்லாமல் இருப்பதற்கு எந்த அரசும் பொறுப்பாகாது.

இப்போது கொஞ்சம் கசப்பான செய்திக்கு வருகிறேன். மலேசியாவில் ஒரு தமிழ் நூல் எப்படி வெளிவருகிறது என்பது பெற்றோர்கள் பலருக்குத் தெரியாது. எழுத்தாளர் தம் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து அச்சகத்தில் கொடுக்கிறார். ஐந்நூறு பிரதிகள்; துணிச்சல்காரர் என்றால் ஆயிரம். பிறகு வெளியீட்டு விழா. அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை என்று பத்துப் பன்னிரண்டு பெயர்கள். அவர்களுள் வசதி படைத்த ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொள்வார். மேடையில் உறை ஒன்று கைமாறும். அதன் பின்னர் வரிசையாகப் பலர் ஏறி, நூலின் விலையைவிட மிகுதியாக உறையில் வைத்துக் கொடுத்து, ஒளிப்படத்துக்கு நின்று, நூலை வாங்கிச் செல்வார்கள். மொய் எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. அன்று மாலை அச்சுக்கூலி மீண்டுவிட்டால் எழுத்தாளர் நிம்மதியாக உறங்குவார். எஞ்சிய பிரதிகள் கட்டுக்கட்டாக வீட்டுக் கட்டிலின் அடியில் உறங்கும்.

இம்முறையை இழிவாகப் பேசுவோர் உண்டு. நான் பேச மாட்டேன். புத்தகக் கடைகளும் பதிப்பகங்களும் போதாத நாட்டில் நம் மக்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் ஓர் எழுத்தாளரைக் கைதூக்கி விடுகிறார்கள். அது நன்றிக்குரியது. என் கவலை வேறு. பணம் கொடுப்பதோடு கடமை முடிந்ததாக அவர்கள் நினைக்கிறார்கள். நூல் உறை பிரிக்கப்படாமலேயே மகிழுந்தின் பின்னிருக்கையில் கிடக்கிறது. எழுத்தாளரும் பணம் வந்ததோடு நிறைவடைந்து, அடுத்த நூலையும் யாரிடமும் காட்டாமல் அச்சுக்கு அனுப்புகிறார். உள்ளூர் நூல்களில் எழுத்துப் பிழைகள் மலிந்திருப்பதற்கும், நல்ல கரு கொண்ட நாவல்கள்கூட நடுவில் தள்ளாடுவதற்கும் இதுவே காரணம். "உள்ளூர் எழுத்தில் தரமில்லை" என்று சொல்லும் ஆசிரிய நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தரமில்லாத நூல் நிறைய உண்டு, மறுக்கவில்லை. அச்சேறுவதற்கு முன் அதைப் படித்துப் பிழை சொல்லும் வேலையை நம்மில் எத்தனை பேர் ஏற்றுக்கொண்டோம்? தமிழ்ப் பாடம் கற்பிப்பவர்கள்தாமே நாம்?

எங்கள் போர்ட் கிள்ளான் துறைமுகத்தை நம்பி வாழும் ஊர். 1972க்கு முன்னர் இதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். மூட்டை சுமந்தவர்களும் கப்பலில் சரக்கு இறக்கியவர்களும் தொழிற்சங்கம் என்றால் என்ன என்பதை அறிந்த மண் இது. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் 1941இல் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர் ஆர். எச். நாதன். அவர் தமிழ் நேசனில் பணியாற்றிய எழுதுகோல்காரர்! கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகள். அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பால்மரம் சீவுவோர் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்று எழுதுவோர் ஒருவர் காட்டிக் கொடுத்தார். எழுதுவோர் தமக்காகச் சேர்ந்து நின்றார்களா?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் வீடிழந்து நின்ற வேளையில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறுகச் சிறுகக் கொடுத்துப் பங்குதாரர் ஆனார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. பால்மரம் சீவியவர்கள் தோட்டத்தில் பங்குதாரர் ஆனார்கள்! அச்சங்கம் இலக்கியத்தையும் மறக்கவில்லை. நூல்களுக்குப் பரிசு, நாவல் போட்டி என்று பின்னாளில் துணை நின்றது. கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள சோமா அரங்கில் எத்தனை இலக்கிய நிகழ்ச்சிகளைக் கண்டிருக்கிறோம்!

தொழிலாளர் செய்ததை எழுத்தாளரும் செய்திருக்க முடியும். கேரளத்தில் செய்தார்கள். 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் கூடி, நூற்றிருபது ரூபாய் முதலீட்டில், சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார்கள். எழுத்தாளர்களே உரிமையாளர்களாக இருந்த பதிப்பகம் அது. நூலாசிரியருக்கு விலையில் நூற்றுக்கு முப்பது விழுக்காடு உரிமைத்தொகை வழங்கியது. உலகின் பெரிய பதிப்பகங்கள்கூட நினைத்துப் பார்க்காத விகிதம். காரூர் நீலகண்ட பிள்ளை போன்ற எழுத்தாளர்கள் தங்கள் எழுத்து நேரத்தைத் தியாகம் செய்து அதைக் கட்டி எழுப்பினார்கள். காரூரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை நம் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இத்தகைய கூட்டுறவு எழாமல் போனதற்கு வாசகர் தொகை குறைவு என்பது ஒரு காரணம். சங்கங்களுக்குள் அணிகள், தேர்தல் பூசல்கள், யார் தலைவர் என்ற போட்டிகள் இன்னொரு காரணம். இதை விரித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நம் கோயில் நிர்வாகங்களைக் கண்டவர்களுக்கு விளக்கவும் தேவையில்லை.

சமூகம் என்றால் ஒருமித்த கருத்து என்று பொருளில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 டிசம்பரில் ம. நவீனின் பேய்ச்சி நாவலை உள்துறை அமைச்சு தடை செய்தது. அந்நாவலைப் பற்றி ஆசிரியர்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. இக்கட்டுரையைப் படிப்போரிலும் இருக்கும். இருக்கட்டும். அன்று வாதிட்டவர்களில் முழு நாவலையும் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதே என் கேள்வி. படித்துவிட்டுக் கடிந்துகொள்பவர் எழுத்தாளரின் சமூகத்தைச் சேர்ந்தவர். படிக்காமல் புகழ்பவர்கூட அதற்கு வெளியே நிற்பவர்தான்.

தமிழ் நேசன் 2019இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்த ஏடு. நாளேடு ஒன்று நின்றது என்று அனைவரும் வருந்தினார்கள். அதனோடு 1950இன் கதை வகுப்பு போன்ற ஒன்று மீண்டும் பிறக்கக்கூடிய ஒரு வாயிலும் அடைபட்டது. எஞ்சியுள்ள ஏடுகளின் ஞாயிறு பதிப்புகள் இயன்றதைச் செய்கின்றன. எனினும் அஞ்சலில் வரும் கதையைப் படித்து, திருத்தி, எழுதியவருக்கு மறுமொழி போடும் அளவுக்கு ஆள்பலம் எந்த ஏட்டிடமும் இல்லை. ஆறாம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி இன்று நல்ல கதை ஒன்றை எழுதினால் அதை எங்கே அனுப்புவாள்? யார் படிப்பார்?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அத்தேர்வு இருந்தவரை தமிழ்மொழிக் கட்டுரைத் தாளுக்காக மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்ய வைத்தோம். 'நான் ஒரு மிதிவண்டி', 'நான் ஒரு பேனா' என்று தன்கதைகள் நாடு முழுவதும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. எல்லா மிதிவண்டியும் ஒரே கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, ஒரே மாதிரி விலைபோய், ஒரே மாதிரி துருப்பிடித்துக் கொல்லைப்புறத்தில் கிடந்தது! தேர்வு போய்விட்டது. அதனால் கட்டுரை எழுதுவதையே கைவிட்ட வகுப்பறைகளும் உண்டு. மிதிவண்டியைத் தன் போக்கில் ஓட விட்ட ஆசிரியர்களும் உண்டு. இரண்டாம் வகையினரே இப்போது சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும்.

பெற்றோர்களிடம் ஒரு கணக்கைச் சொல்கிறேன். நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஓர் உள்ளூர் நூலைப் பத்துப் பிரதிகள் வாங்கினால் ஐயாயிரத்துக்கு மேல் ஆகிறது. அச்சிடுவதோ ஐந்நூறோ ஆயிரமோதான்! ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவில் நெகிழிக் கோப்பைகளையும் பரிசுக் கூடைகளையும் வாங்கிக் குவிக்கிறோம். கோப்பை ஓராண்டில் பொன்முலாம் உதிர்ந்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. அக்கோப்பையின் விலையில் ஒரு நாவலோ சிறுகதைத் தொகுப்போ வாங்கலாம். எழுதியவரையே மேடைக்கு அழைத்து அவர் கையாலேயே கொடுக்கச் செய்யலாம். நம் பிள்ளைகளுக்கு எழுத்தாளர் என்பவர் பாடநூலில் உள்ள ஒளிப்படம். கிள்ளானிலிருந்தோ பந்திங்கிலிருந்தோ வண்டியோட்டி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தேநீர் அருந்தும் ஒருவராக அவரைக் காணும் பிள்ளைக்கு, தானும் எழுதலாம் என்ற எண்ணம் வரும். இதற்கு அமைச்சின் அனுமதிக் கடிதமோ மானியமோ வேண்டியதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து முன்மொழிந்தால் போதும்.

இது எதற்குப் பயன்படும், புள்ளி கிடைக்குமா என்று ஒரு தந்தையார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. புள்ளி கிடைக்காது. ஆனால் அவருடைய தந்தையார் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், அந்தத் தோட்டம் இன்று எந்த வீடமைப்புப் பகுதியாக மாறியிருக்கிறது என்பதை அவருடைய மகனுக்குச் சொல்லும் பாடநூல் எதுவும் இல்லை. அதைச் சொல்ல ஒரு ரெங்கசாமி வேண்டும். எண்பது வயது வரை அந்த ரெங்கசாமியை எழுத வைக்க நாலு வாசகர்கள் வேண்டும். தந்தையார் சிரித்துக்கொண்டார், ஒப்புக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

பெரிய நிகழ்ச்சிகள் கோலாலம்பூரில்தான் நடக்கின்றன. போர்ட் கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். இரவில் திரும்புவது பெண் ஆசிரியர்களுக்கு எளிதன்று. ஆதலால் எங்கள் வட்டாரத்தில் ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் ஒருவர் வீட்டில் கூடுகிறோம். பெயர் வைக்கவில்லை, தலைவர் செயலாளர் என்றும் எவருமில்லை. ஒருவர் எழுதியதை முதல்நாளே மற்றவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். படிக்காமல் வருபவருக்குப் பலகாரம் கிடையாது என்பது ஒன்றே விதி. பொன்னாடை இல்லை. சென்ற கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பண்டமாரானில் தாம் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த நாளைப் பற்றி எழுதிய கதையைப் படித்தார். மூன்றாம் பத்தியிலேயே கதை முடிந்துவிட்டது, மீதி நான்கு பக்கங்கள் எதற்கு என்று ஓர் இளம் ஆசிரியர் கேட்டார். அம்மையாருக்கு முகம் சற்று வாடிவிட்டது. நேற்று மாலை, அந்த நான்கு பக்கங்களை நீக்கிவிட்டு வேறு இரண்டு பக்கங்கள் எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்.